உலராத வியர்வை

1985ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். சார்ஜாவில் ஒரு கட்டிட வேலைத்தளத்தில் நான் ரைம்கீப்பராக இருந்தேன். ஊரில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்து, 83க்குப் பிறகு பல்கலைக்கழகக் கனவை விட்டுவிட்டு, கொழும்பில் ஏஜென்சிக்குக் காசு கட்டிப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். ஆங்கிலம் கொஞ்சம் எழுத வரும் என்பதால் மண்வெட்டிக்குப் பதிலாக எனக்குப் பேனா கிடைத்தது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை தளத்தைச் சுற்றிவந்து, ஆட்கள் அவரவர் இடத்தில் நிற்கிறார்களா என்று அடையாளம் போடுவதுதான் வேலை. மதியச் சுற்றில் ஆள் இடத்தில் இல்லாவிட்டால் அரைநாள் சம்பளம் வெட்டு. அது கொம்பனி விதி.

அன்று மதியம் மன்னார்ப் பக்கத்து மனிதர் ஒருவர் தண்ணீர் பவுசரின் நிழலில் தலையைக் கவிழ்த்துக் குந்தியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் சத்தி எடுத்த அடையாளம். போர்மன் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் அவருடைய பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினேன்.

எழுதும்போது எனக்கு விஷயம் தெரியாமல் இல்லை. வியர்வை தோலில் வழிவதால் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதன் கூடிவிட்டால் வியர்வை ஆவியாகாது. அப்போது மனிதன் தன் சொந்தச் சூட்டில் வேகத் தொடங்குவான். இந்தப் பாடத்தில் எனக்கு நல்ல புள்ளி. அந்தப் பாடமும் அந்தப் பேனாவும் ஒரே ஆளிடம்தான் இருந்தன.

விஞ்ஞானத்தையும் அறத்தையும் ஒரே உலகப் பார்வைக்குள் வைக்க முடியுமா என்று நம்மவர்கள் நிறையவே விவாதித்திருக்கிறார்கள். இயக்க வகுப்புகளில் கேட்டிருக்கிறேன், பிறகு ரொறொன்ரோ நிலவறைக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘இருக்கவேண்டும்’ என்பதை வருவிக்க முடியாது என்று டேவிட் ஹியூம் 1740இல் வெளியிட்ட நூலில் எழுப்பிய பிரச்சினையை ஒருவர் சொல்வார். சமூகம் விஞ்ஞானபூர்வமாக மாறினால் அறம் தானாக வரும் என்று இன்னொருவர் சொல்வார். தேநீர் முடியும், கூட்டம் கலையும். நான் வாயைத் திறப்பதில்லை. எனக்கு அந்த ரைம்சீற்தான் ஞாபகம் வரும். அதனால் இந்தக் கேள்வியை வியர்வை என்ற ஒரே பொருளை வைத்து, வளைகுடா என்ற ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வரலாறு ஒரு ஸ்கொட்லாந்துக்காரரிடம் தொடங்குகிறது. ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர்கள் எதனால் சாகிறார்கள் என்று தேடியே வாழ்நாளைக் கழித்தவர். வெடிவிபத்துக்களில் இறந்தவர்களில் மிகப் பலரைக் கொன்றது வெடியல்ல, பின்னால் வரும் காபனோரொட்சைட்டு வாயு என்று 1896இல் காட்டினார். வாயுவை முன்கூட்டி அறியச் சிறு குருவிகளைக் கொண்டுபோகும் வழக்கம் அவரால் வந்தது. சோதனை எலி பெரும்பாலும் அவரேதான். சில சமயம் மகன். சிறுவனாயிருந்த மகனைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், எழுந்து நின்று சேக்ஸ்பியரின் மார்க் அன்ரனி உரையைச் சொல்லச் சொன்னாராம். கூரையை ஒட்டி நின்ற வாயுவில் பையனுக்கு மூச்சு முட்டி முழங்கால் மடிந்தது. கீழே விழுந்ததும், நல்ல காற்று கீழேதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டான். அந்தப் பையன்தான் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்த ஜே. பி. எஸ். ஹால்டேன்.

தந்தை ஹால்டேன் 1905இல் உயர்ந்த வெப்பநிலை பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றினால் அது காட்டும் அளவு சாதாரண வெப்பமானியை விடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் துணியின் ஈரம் ஆவியாகிக் குமிழைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதன் ஏற ஏற இந்த வித்தியாசம் குறையும். மனித உடலும் ஈரத்துணி சுற்றிய குமிழ்தான் என்பதே ஹால்டேன் கண்டது. அசையாத காற்றில் ஈரக்குமிழ் அளவு 88 பாகை பரன்ஹைற்றை, அதாவது 31 பாகை செல்சியஸைத் தாண்டினால், சும்மா இருப்பவனுக்கே உடற்சூடு ஏறத் தொடங்கும் என்றார். 117 வருடங்கள் கழித்து, 2022இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து நவீன கருவிகளால் அளந்தபோது ஈரமான காற்றுக்குக் கிடைத்த எல்லையும் ஏறத்தாழ அதே 31தான்.

இனித்தான் வளைகுடா வருகிறது. பாரசீகக் கரையில் அபதான் சுத்திகரிப்பு ஆலை 1912இல் தொடங்கியது. அங்கே பெருந்தொகையாக இந்தியத் தொழிலாளரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் 1920இலும் 1922இலும் வேலைநிறுத்தம் செய்த கதை தனியாக எழுதவேண்டியது. பாரசீகத்து எண்ணெய் ஆலைகளில் வெப்பத்தாக்கால் ஆட்கள் விழுவதை ஆராய, எழுபத்தைந்து வயதில், முதிய ஹால்டேன் பயணம் போனார். திரும்பி வந்து 1936 மார்ச்சில் ஒக்ஸ்போர்ட்டில் இறந்தார். அவருடைய கடைசி வேலை எங்கள் ஆட்களின் வியர்வையைப் பற்றியது என்று சொன்னால் அது மிகையல்ல.

ஆக, வளைகுடாவின் எண்ணெய்க் காலம் தொடங்கிய நாட்களிலேயே இந்த அறிவு அங்கே கால்வைத்துவிட்டது. 1957இல் யாக்ளூ, மினார்ட் என்ற இருவர் அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். அமெரிக்க மரீன் படையினரின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் இளைஞர்கள் வெய்யிலில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஈரக்குமிழ் அளவில் 70 வீதம், கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியின் அளவில் 20 வீதம், சாதாரண வெப்பமானியின் அளவில் 10 வீதம் என்று கூட்டி ஒரு சுட்டெண் செய்தார்கள். ஈரம், வெய்யில், காற்று எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் வந்துவிடும். பிறகு முகாம்களில் அதற்கேற்பக் கொடி ஏற்றினார்கள். 90 பாகை பரன்ஹைற் என்றால் கறுப்புக் கொடி, கடும் பயிற்சி நிறுத்தம். சிப்பாய் விலையுள்ள பொருள். அவனை வெய்யிலில் இழக்கக்கூடாது.

1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, டுபாயும் அபுதாபியும் தோகாவும் மண்ணிலிருந்து எழும்பியபோது, இந்தக் கொடி ஒன்றும் அங்கே ஏறவில்லை. எங்கள் தளத்தில் இருந்த வெப்பமானி போர்மனின் குளிரூட்டிய அறைக்குள் தொங்கியது. அது எப்போதும் இருபத்திநாலு காட்டும்.

தொழிலாளரிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. வளைகுடாவில் இருந்த எவரும் இதைக் கேட்டிருப்பீர்கள். 50 பாகை ஆனால் வேலையை நிறுத்தவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம், அதனால்தான் றேடியோவில் எவ்வளவு கொதித்தாலும் 49 என்று சொல்கிறார்களாம். அப்படி ஒரு சட்டத்தை நான் எந்த எழுத்திலும் கண்டதில்லை. வெப்பநிலையை மறைத்தார்கள் என்பதும் நிற்காது: குவைத்தின் மித்ரிபாவில் 2016 யூலை 21இல் அளந்த 53.9 பாகையை உலக வானிலை அமைப்பே 2019இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அந்த வதந்தியை நான் சிரித்துத் தள்ளுவதில்லை. படிக்காதவர்கள் என்று நாங்கள் நினைத்த மனிதர்கள், அளவு என்று ஒன்று இருந்தால் அது யாரையாவது கட்டுப்படுத்தியே ஆகவேண்டும் என்று நம்பினார்கள். கட்டுப்படுத்தவில்லை என்றால் அளவில் பொய் இருக்கவேண்டும். ஹியூமுக்கு இது பதிலாகாது. என்னுடைய உயர்தர வகுப்பை விட மேலானது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கூலியாளின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபியின் போதனையாக முஸ்லிம் உலகில் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் காம்பில் இராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார், தொழுகை தவறாதவர். மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் நின்றபோது சொன்னார்: “முதலாளி மேல தப்பே இல்ல தம்பி. இந்த ஊருல வேர்வை எங்க காயுது?” எல்லோரும் சிரித்தோம். இப்போது யோசித்தால், ஹால்டேன் ஆய்வகத்தில் கேட்ட கேள்வியும் அதுதான்: வியர்வை காயுமா, காயாதா? கடற்கரை ஊர்களில் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் இரவு பத்து மணிக்கும் சட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும். உள்நாட்டுப் பாலைவனத்தின் 46 பாகையை விட, கரையோரத்தின் 38 பாகை ஆளை அடித்துவிழுத்துவது அதனால்தான். சாதாரண வெப்பமானி இதைச் சொல்லாது.

சமயம் விஞ்ஞானத்தை விடாது, அதனால்தான் அந்த நாடுகளில் இப்படி என்று நம்மில் சிலர் லேசாகச் சொல்லிவிடுவார்கள். நான் ஏற்கமாட்டேன். 2010 ஜனவரியில் டுபாயில் 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீபா திறக்கப்பட்டது. அடுத்த வருட நோன்பில் ஒரு கேள்வி வந்தது. பூமி உருண்டை, ஆகவே உயரத்தில் இருப்பவருக்குச் சூரியன் பிந்தித்தான் மறையும். அப்படியானால் மேல்மாடிக்காரர் எப்போது நோன்பு திறப்பது? டுபாயின் தலைமை முப்தி அஹ்மத் அல் ஹத்தாத் தீர்ப்புச் சொன்னார்: 80ஆம் மாடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிடம் பிந்தவேண்டும், 150ஆம் மாடிக்கு மேலே மூன்று நிமிடம். வானியலும் வணக்கமும் எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டன! ஒருவருக்கும் நட்டமில்லாத இடத்தில் அறமும் விஞ்ஞானமும் சண்டை போடுவதில்லை.

நட்டம் உள்ள இடத்தைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2005இல் தொழில் அமைச்சு ஒரு கட்டளை இட்டது. யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மதியம் 12.30 முதல் 4.30 வரை வெளியில் வேலை கூடாது. நல்ல கட்டளை. 2006இல் அது 12.30 முதல் 3.00 வரை என்று சுருங்கியது. கட்டிடக் கொம்பனிகளின் நெருக்குதலுக்கு அரசு இணங்கியது என்று மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அந்த வருட அறிக்கை சொல்கிறது. ஒரே வருடத்தில் மனிதத் தோல் ஒன்றரை மணித்தியாலம் தடித்துவிட்டதா என்ன? இன்றைய விதி யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் வீதம் 50,000 வரை தண்டம். காலம் நீண்டிருக்கிறது, தண்டமும் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மணி மட்டும் அதே மூன்று.

மணிக்கூட்டை வைத்துச் செய்யும் விதிக்கு ஒரு குறை உண்டு. சூடு மணி பார்த்து ஏறுவதில்லை. காலை ஒன்பது மணிக்கே காற்று ஈரத்தால் கனத்துக் கிடக்கும் நாட்களில் ரைம்சீற் எல்லோரையும் ‘வேலையில்’ என்றே காட்டும். அளவை வைத்து விதி செய்யலாம்தான். ஆனால் எந்த அளவை? உடற்சூடு ஏறுவது ஒரு வளைகோடு. அந்தக் கோட்டில் எந்த இடத்திலும் ‘இங்கே நிறுத்து’ என்று எழுதியிருக்காது. 31இல் இல்லாத குற்றம் 32இல் எப்படி வரும் என்று கேட்டால் உடலியலாளரிடம் பதில் இல்லை. எத்தனை பேர் விழலாம் என்று முடிவு செய்துவிட்டு வந்தால், அதற்குரிய பாகையை அவர் சொல்வார். அந்த முதல் முடிவு அவருடையதல்ல.

அதை முடிவு செய்ய, எத்தனை பேர் விழுகிறார்கள் என்று முதலில் தெரியவேண்டும். இங்கேதான் எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று இருக்கிறது. அதே கோடையில் எங்கள் வரிசை அறைகளில் ஆந்திராப் பையன் ஒருவன் இரவு படுத்தவன் காலையில் எழும்பவில்லை. இருபத்தாறு வயது. வந்த கடதாசியில் இருதயம் நின்றதால் இயற்கை மரணம் என்று இருந்தது. அதை வாசித்துச் சொன்னது நான். மன்னார்க்காரர் கேட்டார்: “எல்லாருக்கும் கடைசியிலை இருதயம்தானே நிக்கும் தம்பி. அது ஒரு வருத்தமோ?”

இந்தக் கேள்வியைப் பல வருடங்களுக்குப் பிறகு ஆய்வாளர்கள் கேட்டார்கள். கட்டாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் ‘கார்டியோலஜி’ என்ற மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. குளிர் மாதங்களில் நடந்த மரணங்களில் இருதய நோய் என்று எழுதப்பட்டவை 22 வீதம். வெப்ப மாதங்களில் 58 வீதம். மருத்துவச் சோதனையில் தேறித்தான் இந்த இளைஞர்கள் விமானம் ஏறியிருந்தார்கள். கோடை வந்தால் மட்டும் ஏன் இத்தனை இருதயங்கள் நிற்கவேண்டும்? வெப்பத்திலிருந்து ஒழுங்காகப் பாதுகாத்திருந்தால் அந்த 571 இருதய மரணங்களில் 200 வரை தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இறந்தவர் குடும்பங்களுக்கு நட்டஈடு கொடுப்பதற்காக நேபாள அரசு வைத்திருந்த பதிவேடு இல்லையென்றால் இந்த ஆய்வு நடந்திராது. விதவைக்குக் காசு போகவேண்டும் என்பதற்காக ஒரு எழுதுவினைஞர் எழுதி வைத்தது விஞ்ஞானத்துக்குத் தரவாகியது. விஞ்ஞானம் முதலில், அறம் பிறகு என்று வரிசை வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

இலக்கம் யாருடைய கையில் இருக்கிறது என்பதும் ஒரு விஷயம். மன்னார்க்காரருக்கு முத்துக் கதைகள் தெரியும். மரிச்சுக்கட்டியில் சலாபம் நடந்த நாட்களில் வளைகுடாவிலிருந்து அரபிச் சுழியோடிகள் வந்திறங்குவார்களாம், அவருடைய பாட்டனார் கண்டிருக்கிறாராம். “அவங்கள் எங்கடை கடலிலை மூழ்கினாங்கள், நாங்கள் அவங்கடை மண்ணிலை மூழ்கிறம்” என்பார். அந்தச் சுழியோடிகளும் கோடைத் தொழிலாளர்தான். பெருங்குளிப்பு யூன் முதல் செப்ரெம்பர் வரை. பிரித்தானிய அதிகாரி லோரிமர் தன் பெருந்தொகுப்பில் அவர்களைத் தலைதலையாக எண்ணியிருக்கிறார், சுமார் 4,500 படகுகள், 74,000 பேர் என்று. எண்ணியதால் அவர்களுக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. அவர்கள் ‘நகுதா’ என்ற படகுத் தலைவனிடம் முற்பணக் கடனில் கட்டுண்டவர்கள். கணக்குக் கொப்பி நகுதாவிடம், எழுத்தறிவும் அவனிடம், தந்தையின் கடன் மகனுக்கு. 1920களில் பஹ்ரேனில் சீர்திருத்தம் வந்தபோது செய்த முக்கியமான வேலை என்ன? ஒவ்வொரு சுழியோடிக்கும் அவனவன் கையில் ஒரு கணக்குக் கொப்பி கொடுத்ததுதான். கடன் தீரவில்லை. முற்பணத்தைக் குறைத்ததற்கு எதிராக 1932இல் சுழியோடிகள் கலகமும் செய்தார்கள். பிறகு யப்பானிய வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலையே அழித்தன. ஆனாலும் அந்தக் கொப்பி எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. கணக்கு முதன்முறையாக, மூழ்குகிறவனின் கைக்கு வந்தது.

ஜே. பி. எஸ். ஹால்டேன் 1923இல் கேம்பிரிஜ்ஜில் நிகழ்த்திய உரையில், விஞ்ஞானம் மனிதனின் கையை நீட்டிக்கொண்டே போவதால் பழைய ஒழுக்கங்கள் போதாமற் போகும், அறமும் அதனோடு மாறித்தான் ஆகவேண்டும் என்று நம்பிக்கையோடு பேசினார். ‘டெடலஸ்’ என்று அது புத்தகமானது. பேட்ரண்ட் ரஸல் மறு வருடம் ‘இகாரஸ்’ என்று பதில் எழுதினார்: விஞ்ஞானம் மனிதரைச் சந்தோஷப்படுத்துவதை விட, அதிகாரத்தில் இருப்பவர்களின் அதிகாரத்தைத்தான் கூட்டும் என்று அஞ்சுகிறேன் என்பது அதன் சாரம். சார்ஜாவில் நான் கண்டது ரஸல் சொன்னது. ஆனால் கட்டாரில் பின்னர் நடந்ததைப் பார்த்தால் ஹால்டேனையும் முற்றாகத் தள்ள முடியவில்லை.

கட்டாரிலும் 2007இலிருந்து மணிக்கூட்டு விதிதான் இருந்தது. உலகக் கிண்ணக் கால்பந்துக்காக மைதானங்கள் எழும்பியதால் உலகத்தின் கண் அங்கே திரும்பியது. 2018இல் சர்வதேச தொழில் அமைப்பு தோகாவில் அலுவலகம் திறந்தது. 2019 கோடையில் கிரேக்கத்தின் தெசாலி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலை செய்துகொண்டிருந்த ஆட்களையே வேலைத்தளத்தில் வைத்து அளந்தார்கள். 2021 மே மாதம் புதிய விதி வந்தது. யூன் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை, காலை 10.00 முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலை இல்லை. அதற்கு மேலாக, மணி எத்தனையானாலும் யாக்ளூ, மினார்ட் சுட்டெண் 32.1 பாகையைத் தாண்டினால் வேலை நிற்கவேண்டும். பாரிஸ் ஐலண்ட் சிப்பாய்க்கு ஏற்றிய கறுப்புக் கொடியின் அளவு 32.2. 1957இன் சூத்திரம் கட்டாரில் கூலியாளின் சட்டமாக 64 வருடங்கள் சென்றன. உலகம் பார்க்காமல் இருந்திருந்தால் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திராது என்றுதான் சொல்வேன். 32.1இல் நிற்கும் வேலை 31.9இல் நடக்கிறது என்பதும் தெரியும்.

அந்த விதியில் இன்னொரு வரி இருக்கிறது. வெப்பத்தால் தனக்கு ஆபத்து என்று நியாயமாக நினைக்கும் தொழிலாளி தானாகவே வேலையை நிறுத்தலாம். அவன் உடம்பே அளவுகருவி. எத்தனை பேர் அந்த உரிமையைத் துணிந்து பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை. வீசாவும் கடனும் உள்ள மனிதன் எவ்வளவு துணிவான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பவுசர் நிழலில் குந்தியிருந்தவரின் பக்கம் நிற்கும் வசனம் ஒன்று அரச வர்த்தமானியில் ஏறிவிட்டது.

மன்னார்க்காரர் மறுநாள் வேலைக்கு வந்தார். கோபிக்கவில்லை. மாத முடிவில் சம்பளம் வாங்கிய பிறகு என் மேசைக்கு வந்து, அரைநாள் எங்கே என்று கேட்டார். வரவில்லை என்று எழுதியிருக்கிறது என்றேன்.

“நான் அங்கைதானே தம்பி இருந்தனான்” என்றார். “நீர் கண்டனீர்.”